பதினான்கு வருட வருகையாளர்

பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க. வாசல் புத்தகத்தில் மூன்று கட்டங்களையும் நிரப்பிவிட்டுத் திலகா பேனாவை வைக்கிறார். ஆலை வாசலைக் காவல் காக்கும் ஜாகா ரெங்கசாமி சிவப்பு பாஸை நீட்டுகிறார். அதில் ‘வருகையாளர்’ என்று எழுதியிருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்திலுள்ள இந்தச் செம்பனை எண்ணெய் ஆலைக்குத் திலகா ‘வருகை’ தரத் தொடங்கிப் பதினான்கு வருடமாகிறது.

சம்பளம் கொடுப்பது ரவாங்கிலுள்ள தராசுக் கம்பெனி. லோரியோடு சேர்த்துச் செம்பனைக் குலைகளை நிறுக்கும் பெரிய தராசைப் பார்த்துக்கொள்ள, மூன்றே மாதம் என்று சொல்லி அனுப்பினார்கள். அது எப்படி இவ்வளவு நீண்டது என்று கேட்டால், “தெரியலலா. மழ வந்துச்சி, வெயில் வந்துச்சி” என்பார்.

மழை பெய்த மறுநாள் தராசு கொஞ்சம் பொய் பேசும். மற்றவர்கள் கணினியைப் பார்ப்பார்கள். திலகாவோ சப்பாத்தைக் கழற்றிவிட்டு இரும்புத் தட்டின்மேல் மெல்ல நடப்பார். “இந்த மூலைலதான் சேறு. பல்லுல நாரு சிக்குன மாதிரி இருக்கு.” திறந்து பார்த்தால் அங்கேதான் இருக்கும். பிறகு ஆலையின் வெள்ளை ஆவி செம்பனைத் தலைகள்மேல் படர்வதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். லோரி ஹாரன் அடித்தால்தான் இறங்குவார்.

ஆயுத பூஜையன்று தராசுக்குச் சந்தனப் பொட்டு வைப்பதும் அவர்தான். ‘ஒண்ட வந்த பிடாரி’ என்று லோரிக்காரர்கள் சீண்டுவார்கள், அவரும் சிரிப்பார். ஆனால் ஆலையின் ஆண்டு விருந்தில், பத்து வருடம் உழைத்தவர்களை மேடைக்கு அழைக்கும்போது, அவருக்குக் கிடைப்பது கைதட்டுகிற வேலை. அது ஒவ்வொரு வருடமும் வலிக்கத்தான் செய்கிறது.

சென்ற வாரம் ரவாங்கிலிருந்து கடிதம் வந்தது. சூப்பர்வைசர் பதவி, தனி மேசை, பெயர் பொறித்த அட்டை. ஆலைக்கு வேறு ஆள் வருவாராம்; வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். எத்தனையோ வருடமாக ஆசைப்பட்ட மேசை. அது கனவிலும் வந்தது. கனவில் அந்த மேசைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால், வெளியே ஆலையின் ஆவி மிதந்தது.

வெள்ளிக்கிழமை காலை. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது.

“என்னம்மா, போறீங்களா?” என்றார் ரெங்கசாமி.

“வரலன்னு சொல்லிட்டேன்ணே.”

“ஐயோ, மேசைய விட்டுட்டீங்களே!”

திலகா புத்தகத்தை இழுத்துப் பெயரையும் நேரத்தையும் எழுதினார். ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் இதுவரை ஐந்து மேனேஜர்களின் பெயர்களை எழுதியிருக்கிறார். இன்று பேனா அங்கே சற்று நின்றது. ‘தராசு’ என்று எழுதினார். பாஸைக் கழுத்தில் மாட்டி, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.