கோழிக்கூடைக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு

நெய் மணம்… கூடவே வெயிலில் காய்ந்த பாறையின் மணம்.

எழுபதுகளில் திருக்கழுக்குன்றத்து மலையில் மத்தியானம் சர்க்கரைப் பொங்கல் வைத்தால் கழுகு இறங்கி வந்து தின்னும். அதைப் பார்க்கவே பஸ் பஸ்ஸாக ஜனம் வரும்.

என் மகள் ஜோதிக்கு மட்டும் கழுகு என்றாலே ஆகாது. காரணம் கேளுங்கள்.

அப்போது அவளுக்கு மூன்று வயது. என் சம்சாரம் லோகாவுக்கு டி.பி. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்கணும், குழந்தை வரவே கூடாது என்றுவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. அம்மாக்காரி கிளம்பும்போது பிள்ளையிடம் சொல்லக் கூடாது, அழும். யாராவது வேடிக்கை காட்டத் தூக்கிப் போகணும், அந்த நேரத்தில் நழுவிடணும்.

என் அக்கா கன்னியம்மா அதைத்தான் செய்தாள். "வா கண்ணு, கழுகு காட்டறேன்" என்று மலைக்குத் தூக்கிப் போனாள். இறங்கி வந்தபோது வீட்டில் அம்மா இல்லை.

ஜோதி முதலில் அழுதாள். அப்புறம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதுவும் இல்லை… நன்றாகத் தின்றாள், விளையாடினாள். "பாத்தியாடா, மறந்துட்சி" என்று அக்காவுக்குப் பெருமை.

லோகா தேறி வந்தாள். கையை நீட்டினாள். ஜோதி யாரையோ பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அக்கா முந்தானைக்குள் போய்விட்டாள். வாரக்கணக்கில் இதே கதை. லோகா சோறு ஊட்டினால் வாயே திறக்காது.

ஒரு நாள் லோகா சொன்னாள்: "எம்புள்ளைக்கு நான் யாரோ ஆயிட்டேன். உங்கக்காகிட்டயே இருக்கட்டும். நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன்."

நான் அப்போது செங்கல்பட்டில் ஒரு அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மகாபலிபுரத்திலிருந்து சுசீலா டீச்சர் என்று ஒருவர் வருவார், என்னைவிட வயதில் சின்னவர். கவுன்சலிங் வேலைக்குப் பழகும் பெண்களுக்கு மனசைப் பற்றிப் பாடம் எடுப்பார். நான் அஞ்சாங்கிளாஸ். ஆனால் ஃபேன் கடைசி பெஞ்சுக்கு மேலேதான் ஓடும். போய் உட்கார்ந்துவிடுவேன்.

மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று கண்டுபிடித்த வெளிநாட்டுக்காரரைப் பற்றி ஒரு நாள் சொன்னார்.

"இதுக்கு இன்னாத்துக்கு டீச்சரம்மா ஃபாரின்? புதுப்பட்டினத்து மீன்காரம்மா கொரல் குடுத்தா எங்க தெருப் பூனையெல்லாம் லைன் கட்டி நிக்குது" என்றேன்.

"வெறுங்கூடையோட வந்து குரல் குடுத்தா?"

"அப்பவும் நிக்கும்."

"அதான் பாடம். உக்காருங்க."

இன்னொருவர் மனித வாழ்க்கையை எட்டுப் படியாகப் பிரித்தவராம். முதல் படியில், கூப்பிட்டால் ஆள் வருமா என்று குழந்தை பார்க்குமாம். கடைசிப் படியில் கிழவன் திரும்பிப் பார்த்து, வாழ்ந்தது சரிதான் என்பானாம், இல்லை புலம்புவானாம்.

"எங்க மலைக்கே எம்மாம் படி கீது. உங்காளு எட்டுலயே மூச்சு வாங்கி உக்காந்துட்டாரே" என்றேன். கிளாஸே சிரித்தது.

தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றிய பாடம் வந்தது. முதலில் அழுகை, அடுத்து சோர்வு, அப்புறம் ஒட்டாமல் போய்விடுவது… மூன்றும் எங்கள் ஜோதி செய்ததுதான்.

"என்ன டிரைவரண்ணா, வாய்க்குப் பூட்டா?" என்றார் டீச்சர். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ மறக்கல அண்ணா, கோவமா இருக்கா. யாரோ ஒருத்தர்மேல எந்தப் புள்ள இவ்ளோ நாள் கோச்சிக்கும்? சொந்த அம்மாங்கறதாலதான். மறுபடி ஏமாறக் கூடாதுன்னு தள்ளி நிக்கறா."

"இப்ப இன்னா பண்றது?"

"மிட்டாய் காட்டி இழுக்காதீங்க. அண்ணி எங்க போனாலும் அவகிட்ட சொல்லிட்டுப் போகட்டும். சொன்ன மாதிரி திரும்பி வரட்டும். அவ்ளோதான்."

வீட்டில் சொன்னேன். "சொல்லிகினு போனா கத்தாதா? படிச்சவங்க பேச்சக் கேட்டு வூட்ட பேஜாரு பண்ணாத" என்றாள் அக்கா.

லோகா ஆரம்பித்துவிட்டாள். "ஜோதி, தண்ணி புட்ச்சிகினு வந்துடறேன்." வருவாள். "உப்பு வாங்கிகினு வந்துடறேன்." வருவாள். ஜோதி தலையைக்கூடத் திருப்ப மாட்டாள். "செவுத்துக்கு நல்லா காது கேக்குது போல" என்று நான் கிண்டலடிப்பேன். லோகா விடவில்லை.

ஒரு நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உடம்பைக் காட்டி மருந்து வாங்கணும். "பஸ்ல போயி, வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள் லோகா. செருப்பைக் காணோம். வீடெல்லாம் தேடினோம். முற்றத்தில் கவிழ்த்திருந்த கோழிக்கூடை மேல் ஜோதி உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். கோழியெல்லாம் வெளியே மேய்கிறது. தூக்கிப் பார்த்தால் கூடைக்கு அடியில் செருப்பு.

"குடும்மா, பஸ் பூடும்" என்றாள் லோகா.

"போவாத" என்றாள் ஜோதி. "கழுகு தூக்கினு பூடும்."

லோகா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். பிள்ளை அவள் தோளில் நாலு அடி அடித்தது, பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டது. அந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஜோதியிடம் சொல்லிவிட்டுப் போனாள், விளக்கு வைப்பதற்குள் வந்தாள். மறுநாள் என் அக்காவே, "சந்தைக்குப் போயிட்டு வந்துடறேன்டி" என்று ஜோதியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு போனாள்.

டீச்சரிடம் சொன்னதற்கு, "அண்ணிக்கு வேற செருப்பு வாங்கிக் குடுங்க. அந்த ஜோடி ஜோதிகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

இப்போது மலைக்குக் கழுகு வருவதில்லை. குழந்தை கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு நழுவுகிறார்கள். எனக்குக் கழுகு ஞாபகம்தான் வருகிறது.

சுசீலா டீச்சர் எங்கே இருக்கிறாரோ… எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும். லோகா உள்ளே டிவி பார்க்கிறாள், அவள் எங்களோடு இருப்பதே அவர் போட்ட பிச்சை.

ஊரப்பாக்கத்தில் ஜோதி வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று சொன்னால் போதும், என் செருப்பு காணாமல் போய்விடும்.

எட்டாவது படிக்கு வந்துவிட்டேன் டீச்சரம்மா. புலம்பல் ஒன்றும் இல்லை. செருப்பைத்தான் காணோம்… அதனால் இப்போதைக்கு எங்கேயும் கிளம்புவதாக இல்லை.