சூசைமாணிக்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பந்தி

மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பிலிப் சைக்கிளை நிறுத்திவிட்டு அருகே வந்து, "சார், சித்தப்பா போயிட்டாரு" என்றான்.

"மாரடைப்பா?"

"இல்ல சார். நிமோனியா."

அந்தக் குடும்பத்தில் யார் போனாலும் முதலில் கேட்கத் தோன்றுவது அதுதான்.

சாந்தோம் பள்ளியில் எங்களோடு பூகோளம் கற்பித்த சூசைமாணிக்கத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அவருடைய தகப்பனார் ஐம்பது வயதைக் காணவில்லை. அண்ணன் லாசரு, இந்தப் பிலிப்பின் தந்தை, ஈஸ்டர் விருந்தில் ஆட்டுக்கறியைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் சூசைமாணிக்கம்.

அடக்கம் முடிந்து சில நாளில் அவர் ஒரு டாக்டரிடம் போனார். கண்ணிமையோரத்து மஞ்சள் திட்டுகளைப் பார்த்த டாக்டர், "இரத்தத்தில் கொலஸ்டிரால் என்ற கொழுப்பு மிகுந்திருக்கலாம். கறி, முட்டை, நெய்யை விட்டுப் பாருங்கள். உறுதி சொல்ல முடியாது" என்றாராம். அந்த உறுதியில்லாத வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டார். அரிசி கிடைக்காத யுத்த காலத்தில் நாங்கள் முகம் சுளித்துத் தின்ற கேழ்வரகை அவர் விரும்பித் தின்றார். கூடவே பச்சைப்பயறு, கொள்ளு, முருங்கைக்கீரை.

ஒருநாள் அவர் வீட்டில் என் எதிரிலேயே மனைவி தெரசம்மாள் அழுதார்: "பண்டிகையன்னிக்குக்கூட இந்தக் கீரைதானா?"

"கறியை எடுத்தா அண்ணன் எதிர்ல வந்து உக்காந்துகினு பாக்கறாரு, தெரசா."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. எதிரே இருந்த காலி நாற்காலியை நானும் ஒருமுறை பார்த்துவிட்டேன்.

தம்பி அந்தோணியிடம் அவர் கெஞ்சாத நாளில்லை. "தழையைத் தின்னுகினு நூறு வருஷம் இருக்கணுமா? நீ இரு" என்று அந்தோணி சிரிப்பார். அடுத்த மழைக்காலத்தில் அவரும் போனார், அதே நெஞ்சுவலியில்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது சூசைமாணிக்கம் என்னிடம் சொன்னார்: "அவனைப் பயமுறுத்தினேன் சார். ஒருநாளாவது இதை ருசியா ஆக்கிப் போட்டேனா?"

பிறகுதான் அந்தப் பந்தி தொடங்கியது. ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு சகோதரர்களின் பிள்ளைகளும் அவர் வீட்டில் சாப்பிட வேண்டும். அவரே சமைப்பார். பூண்டு தட்டிப் போட்ட கொள்ளு ரசமும் வாழைப்பூப் பொரியலும் எண்ணெய் காட்டிச் சுட்ட கேழ்வரகு அடையும் இருக்கும். முதலில் முணுமுணுத்த பிலிப் பிறகு மூன்றாவது அடை கேட்டதை நானே பார்த்தேன். ஆனால் பிள்ளைகளில் ஒருவன் சட்டைப் பித்தானைச் சரிசெய்ய மார்புக்குக் கையைக் கொண்டுபோனால் போதும், பரிமாறும் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். எல்லோரும் கை கழுவிய பிறகே அவர் உட்காருவார்.

அறுபதைத் தாண்டித்தான் போனார். அந்த வீட்டு ஆண்களில் நரைத்த தலையோடு பெட்டியில் படுத்தவர் அவர் ஒருவர்தான். அண்ணன் தம்பி பிள்ளைகள்தான் சுமந்தார்கள். உணவுதான் காத்ததா என்று நான் எப்படிச் சொல்ல?

கடைசியாகப் பார்த்தபோது, "இத்தனை வருஷத்தில் பயம் போய்விட்டதா?" என்று கேட்டேன்.

"போகல சார். ஆனா வேளைக்குப் பசிக்குது. உக்காந்து சாப்பிடறேன்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பதிலை மட்டுமே.