பூட்டிய பெட்டியும் ரோஸ்மில்க் ரத்தமும்

நேற்று காலை எங்கள் தெருவுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. யாரோ ஒரு பெரிய மனிதர் அந்த வழியாகக் காரில் போகப் போகிறாராம். மாநகராட்சி ஆட்கள் வந்து சாலையின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரால் கோடு இழுத்தார்கள். மூலையில் வாரக்கணக்காகக் கிடக்கிற குப்பைமேட்டை யாரும் தொடவில்லை. அதைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டைத் தாண்டக் கூடாது என்கிற நாகரிகம் கிருமிகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

அந்த நெடி ஏறினால் உங்களுக்கு வீட்டுத் தண்ணீர்த்தொட்டி ஞாபகம் வரலாம். எனக்கு வருவது தஞ்சாவூரில் நான் முதன்முதலாக வேலை பார்த்த பரிசோதனைக் கூடம். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. மாடியில் தையற்கடை, கீழே நாங்கள். ஸ்பிரிட், பினாயில், மேலேயிருந்து இறங்குகிற இஸ்திரி ஆவி எல்லாம் கலந்த ஒரு வாசனை அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது. நான் அப்போதுதான் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்திருந்தேன். எனக்குக் கொடுத்த வெள்ளைக் கோட்டு என்னைவிட ஒரு முழம் பெரியது, கை விரல் நுனிவரை வரும். அம்மாபேட்டைப் பக்கத்திலிருந்து வருகிற எங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து “டாக்டரம்மா” என்பார்கள். நானும் பெரிய மனசு பண்ணி அவர்களைத் திருத்தாமல் இருந்துவிடுவேன்.

மேனேஜர் சிவப்பிரகாசம் சார் ஒழுங்குக்குப் பேர்போனவர். ஒழுங்கு என்றால் லேமினேஷன். எதையாவது ஆங்கிலத்தில் அடித்து, லேமினேட் செய்து, சுவரில் ஒட்டிவிட்டால் அந்தக் காரியம் நடந்து முடிந்ததாக அவருக்குக் கணக்கு. எங்கள் கூடத்துக்குத் தரச்சான்றிதழ் கொடுக்க ஆய்வாளர் வரப்போகிறார் என்ற செய்தி வந்ததும் சுவரில் இடம் போதவில்லை. ‘கை கழுவவும்’ என்று நான்கு இடத்தில் ஒட்டினார். சோப்பு ஓரிடத்தில் இருந்தது.

அப்போது வந்து சேர்ந்ததுதான் ஸ்பில் கிட் என்கிற சிவப்புப் பெட்டி. ரத்தமோ சளியோ தரையில் சிந்தினால் கிருமி பரவாமல் துடைத்தெடுக்க வேண்டிய சாமான்கள் அதில் இருக்கும்: கையுறை, முகக்கவசம், உறிஞ்சும் தாள், கிருமிநாசினி, இடுக்கி, மஞ்சள் பை. சிந்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டுகிற மாதிரி வைக்க வேண்டும் என்று அந்தப் பெட்டி மேலேயே எழுதியிருந்தது. சார் அதைத் தன் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“வெளியில வச்சா கிளவுஸை எடுத்துட்டுப் போயி மீன் கழுவிடுவாளுங்கம்மா” என்றார்.

அந்த ‘ளுங்க’ பன்மையில் இருந்தது ஒரே ஓர் ஆள். பிலோமினா அக்கா. வல்லத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, கூட்டித் துடைத்து, குப்பியெல்லாம் கழுவி வைக்கிறவர். கழுத்தில் ஒரு சிலுவை, இடுப்பில் செருகிய துணி, வெறுங்கை. எது சிந்தினாலும் துடைப்பவர் அவர்தான் என்பதால், அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் விதிமுறைகளை அச்சடித்து, ‘பயிற்சி பெற்றேன்’ என்று கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

ஆய்வுக்கு முன் ஒத்திகை நடந்தது. ரத்தத்துக்குப் பதிலாக ரோஸ்மில்க்கை வாங்கி வந்து தரையில் ஊற்றினார்கள். மேனேஜர் சாரே கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டி, தாளைப் போட்டு, மருந்தை ஊற்றி, துடைப்பதுபோல் குனிந்து, மூன்று கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோ முடிந்ததும் எழுந்து போய்விட்டார். மிச்சத்தைத் துடைத்தது பிலோமினா அக்கா. இரண்டு நாளைக்கு எங்கள் கூடத்தில் எறும்பு ஊர்வலம்.

ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிஜமாகவே சிந்தியது. சிந்தியவள் நான்தான், வேறு யார்? ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் பரிசோதனைக்குக் கொடுத்த சளி மாதிரி. முந்தின நாள் மாதிரியிலேயே காசநோய்க் கிருமி தெரிந்திருந்தது. தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் நுழைந்தேன். என் டாக்டரம்மா கோட்டின் நீளக் கை கதவுக் கொண்டியில் மாட்டி இழுத்தது. குப்பி உருண்டு விழுந்து மூடி ஒரு பக்கம், மற்றதெல்லாம் தரையில். மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு அக்கா துணியோடு வந்துவிட்டார்.

“நவுரு பாப்பா, ரெண்டு நிமிசத்துல தொடச்சிடுறேன்.”

“தொடாதீங்க!” என்று கத்தினேன். அவரிடம் நான் அப்படிக் குரலுயர்த்தியதே இல்லை. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “என்ன பாப்பா, எச்சிதானே?”

விசிறியை நிறுத்தி, அவரை வெளியே இழுத்து, கதவைச் சாத்தினேன். காற்றில் பறந்தது அடங்க அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. கூடத்தில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க உட்கார்ந்திருந்தவர்களையும் வாசலுக்கு அனுப்பினேன். ஒரு பெரியவர், “காலையிலேருந்து காப்பி குடிக்காம ஒக்காந்திருக்கேன், இப்ப வெளிய போவச் சொல்றியே, நல்லாருக்கா?” என்று கேட்டார். நல்லாயில்லைதான்.

மேனேஜர் சார் அன்று சீர்காழியில், மைத்துனர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில். போன் போட்டேன். பின்னணியில் நாதஸ்வரம்.

“சார், சளி சாம்பிள் கொட்டிடுச்சு. கிட்டு வேணும். அலமாரிச் சாவி...”

“சாவி எங்கிட்டதாம்மா இருக்கு. சாயங்காலம் வந்துடுறேன்.”

“அதுவரைக்கும் எப்படி சார்? நான் பூட்டை உடைச்சுக்கிறேன்.”

“உடைக்கிறியா! சீல் பிரிச்சா அடுத்த வாரம் வர்றவருக்கு எதைம்மா காட்டுறது? பிலோமினாவ விட்டுத் தொடச்சிடு.”

வாசற்படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். அந்த அரை மணி நேரத்தில்தான் சொன்னார், அவர் வீட்டுக்காரருக்கும் இதே நோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை போட்டுத் தேறினார் என்று. உங்களுக்குப் பரிசோதனை பண்ணினார்களா என்று கேட்டேன்.

“சார்கிட்ட கேட்டேன் பாப்பா. லேப்புலயே வேல பாக்குறவளுக்கு எதுக்குத் தனியா டெஸ்ட்டுன்னுட்டாரு.”

எழுந்து உள்ளே போனேன். மேனேஜர் அறை மூலையில் தீயணைப்பு உருளை ஒன்று இருந்தது, அதுவும் ஆய்வாளருக்காகவே வாங்கியது. தூக்கிக் கண்ணாடியில் ஒரே போடு. அந்த உருளை தன் ஆயுளில் செய்த ஒரே வேலை அதுதான் என்று நினைக்கிறேன். வேலை போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

பெட்டிக்குள் முகக்கவசம் ஒன்றே ஒன்று. கிருமிநாசினிப் புட்டியை முகர்ந்தால் வாசனையே இல்லை. ஒத்திகையில் தீர்ந்த மருந்துக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, புதிதாக ஒட்டிச் சீல் வைத்திருந்தார் மகராசன். அக்கா போய்க் கழிவறைக்கு வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை எடுத்து வந்தார். கரைத்துத் தெளிய வைத்தோம்.

முகக்கவசத்துக்கு அவர் கை நீட்டினார். “குடு. நீ கல்யாணமாவாத பொண்ணு. இது என் வேல.”

“கொட்டினது நான்க்கா. நீங்க மணி மட்டும் பாருங்க.”

உள்ளே போய்த் தாளைப் பரப்பி, ஓரத்திலிருந்து நடுவுக்கு மருந்தை ஊற்றிவிட்டு வெளியே வந்தேன். அது ஊற இன்னும் அரை மணி. நான் அவசரப்பட்டு இரண்டு முறை கதவருகே போனேன். இரண்டு முறையும், “இன்னும் இருக்கு பாப்பா, போவாதே” என்று கையைப் பிடித்து நிறுத்தினார். நேரமானதும் இடுக்கியால் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் அள்ளி, மறுபடி துடைத்து, முழங்கை வரை கழுவிக்கொண்டேன்.

மறுநாள் மெமோ வந்தது. சளி சிந்தியதற்கு அல்ல, கண்ணாடி உடைந்ததற்கு. ஆய்வாளர் வந்த அன்றோ சார் புது அலமாரி முன் நின்று, “நிஜ சம்பவத்தையே நாங்க கையாண்டிருக்கோம் சார்” என்று மார்தட்டினார். ஆய்வாளர் மெதுவாக, துடைக்கிறவரைக் கூப்பிடச் சொன்னார். பிலோமினா அக்கா வந்து நின்றார்.

“பெட்டி எப்படிம்மா, உபயோகமா இருந்துச்சா?”

“நல்ல பெட்டிதாங்கய்யா. அன்னிக்குச் சாவிதான் சீர்காழிக்குப் போயிடுச்சு.”

ஆய்வாளர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். அந்த வருஷம் சான்றிதழ் வரவில்லை. மெமோ என் கோப்பிலேயே தங்கிவிட்டது. பெட்டி மட்டும் பூட்டில்லாமல் உள்ளறைச் சுவருக்கு இடம் மாறியது.

அடுத்த வாரம் நானும் அக்காவும் பெரியாஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டோம். டாக்டர் இரண்டு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, “ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல” என்றார். வெளியே வந்து அக்கா இரண்டு டீ சொன்னார். டீ வந்தபின் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். “இத்தன வருசமா தெனமும் பயந்துகிட்டுதான் இருந்தேன் பாப்பா” என்றார். “ஆறிடும், குடிங்கக்கா” என்று மட்டும் சொன்னேன். சொல்ல வேண்டியதையெல்லாம் லேமினேட் செய்து சுவரில் ஒட்டியாகிவிட்டதே.

இப்போது அந்தச் சந்தில் கூடமும் இல்லை, தையற்கடையும் இல்லை. செல்போன் உறை விற்கிறார்கள். பிலோமினா அக்கா தன் மகளோடு வேதாரண்யம் போனார், ஒரு புயலுக்குப் பிறகு அவர் எண் கிடைக்கவில்லை. நான் வேறொரு பெரிய கூடத்தில் தரப் பிரிவுக்கு மேலாளர். ஆமாம், நானும் லேமினேட் செய்கிறேன், சிரிக்காதீர்கள். பெட்டி அறைக்கு ஒன்று, விதிமுறை தமிழில், கவசம் வேண்டிய மட்டும். துடைக்கிறவர்கள் ஒப்பந்தக் கம்பெனியிலிருந்து வருகிறார்கள், சில மாதத்துக்கு ஒருமுறை முகம் மாறும். போன வாரம் புதிதாக வந்தவரிடம் பெயர் கேட்டேன். அவர் துடைப்பதை நிறுத்தாமல் சட்டையில் குத்தியிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதில் ஓர் எண் இருந்தது.