தகரப்பெட்டி

பேரனுக்குக் கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. டாக்டர் அறைச் சுவரில் ஆணின் விரைகளும் விந்துக்குழாய்களும் வரைந்த படம். பொன்னுக்கு வீங்கி விரைக்கு இறங்கினால் விந்து வற்றலாம் என்று கீழே எழுதியிருந்தது. படித்ததும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் எங்கள் பெரியகுளம் வீட்டிலிருந்த தகரப்பெட்டி என் நினைவில் கிறீச்சிட்டுத் திறந்தது.

சித்தப்பாவுக்குக் கல்யாணமான வருசமே பொன்னுக்கு வீங்கி வந்தது. சித்தி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள். தாடை வீக்கம் வடிந்தது. ஆனால் பத்து நாள் காலை அகட்டியே நடந்தார். அதை யாரும் பேசவில்லை.

பிறகு பிள்ளை இல்லை. சித்தி கரு தங்காமலிருக்க மருந்து தின்கிறாளோ என்று என் அம்மாவுக்குச் சந்தேகம். வாரம் தவறாமல் சித்தியின் தகரப்பெட்டியைக் கிளறுவாள்.

“அக்கா, டாக்டரம்மா அவுகளையும் கூட்டியாரச் சொன்னாக.”

“ஆம்பளைக்கு என்னடி சோதனை? பொட்டியத் தொற.”

வருசநாட்டிலிருந்து இரண்டாம் தாரம் வந்தாள். சித்தியின் சங்கிலி அவள் கழுத்துக்குப் போனது. மறுவருசம் அம்மா கிளறியது அவள் பெட்டியை.

படத்திலிருந்து கண்ணை எடுத்தேன். பக்கத்தில் பேரன் பெண்டாட்டி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் அவள் குளிக்கப் போனபோது அவளுடைய பீரோவைத் திறந்து துழாவியவள் நான்தான்.