செங்கல் நிறத்தில் ஒரு நல்ல செய்தி

சிராங்கூன் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு கடை தாண்டியிருப்பேன். பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார்: "அண்ணே! செருப்ப விட்டுட்டுப் போறீங்களே, வீட்டுல புதுசு இருக்கா?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. இல்லை என்பதைக் கால் எனக்குச் சொல்லவே இல்லை.

நடக்காமல் இருக்கத் தெரியாதவன் நான். பகலெல்லாம் செம்பவாங் கப்பல்துறைக் கிடங்குகளுக்குள் நடை. வீடு திரும்பினால் காற்று வாங்கக் கடற்கரைவரை நடை. அந்தக் கால்தான் பேச்சை நிறுத்திக்கொண்டது. பிறகு பெருவிரலில் ஒரு புண். அதுவும் வலிக்கவில்லை.

நீரிழிவு (ரத்தத்தில் சர்க்கரை மிகும் நோய்) என்றார்கள் மருத்துவமனையில். தமிழ் பேசும் இளம் டாக்டர் ஒருவர் என்னையும் எங்கள் சந்துக்காரர்கள் சிலரையும் தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். நோய் ஏறினாலும் இறங்கினாலும் எங்களை ஆண்டுக்கணக்கில் வரவழைத்துப் பார்ப்பதுதான் அது.

"புத்தகத்துல இருக்கிறது பூரா வெள்ளைக்காரன் உடம்பு. நம்ம உடம்புல இது எப்படிப் போகுதுன்னு நாமதான் பார்க்கணும். விடாம வரணும் லா," என்றார், இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு.

விடாமல் போனேன். சிறுநீரை நீல மருந்தில் கலந்து கொதிக்கவைப்பார்கள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறமானால் மிக அதிகம். நோய் கண்டுபிடித்த முதல் நாளுக்குப் பிறகு எனக்கு எப்போதும் நீலம். மாத்திரையைக்கூடக் குறைத்தார்கள். புண் மட்டும் ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார்.

டாக்டர் நீலக் குழாயையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"நீர்மோர், பாவக்காய்ச் சாறு. உங்களப் பார்க்க வர்றோமில்ல டாக்டர், ரெண்டு நாளா பத்தியம்."

என் மனைவி சரோஜா பெருமையோடு சேர்த்துக்கொண்டாள்: "ஒவ்வொரு தடவையும் இருந்துடுவார். எங்க சந்துலேர்ந்து வர்ற எல்லாருமே அப்படித்தான்."

"எல்லாருமா!" டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "போச்சு லா என் ஆராய்ச்சி! மத்த நாள்ல?"

"மத்த நாள் மனுசன் மாதிரி சாப்பிடுவார்," என்றாள் சரோஜா.

"அப்ப எதிர்க்கடைக்குப் போங்க. எப்பவும் சாப்பிடுறதச் சாப்பிட்டு, மத்தியானமா வாங்க."

பாய் கடையில் பராட்டா, ஆட்டுக்கறிக் குழம்பு, நுரை ததும்பும் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்). டாக்டரே அனுப்பிவைத்த விருந்து! "மெதுவாத் தின்னுங்க, யாரும் பிடுங்க வரல," என்றாள் சரோஜா.

மத்தியானம் குழாய் பச்சையாகி, மஞ்சளாகி, செக்கச்செவேலென்று செங்கலாயிற்று. டாக்டர் முகத்தில் குழந்தை பிறந்த வீட்டு மகிழ்ச்சி. "இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன்!"

அன்றே இன்சுலின் (சர்க்கரையைத் தணிக்கும் ஊசிமருந்து) தொடங்கியது. புண் மெல்ல மெல்ல மூடியது. விரல் என்னிடமே இருக்கிறது. எங்கள் சந்துக்காரர்கள் இப்போது சாப்பிட்டுவிட்டே போகிறார்கள்.

இந்த நோயைப் புதிதாகச் சந்திப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாதாரண நாளில் எப்படி இருக்கிறீர்களோ, அப்படியே டாக்டர் முன்னால் போய் நில்லுங்கள்.

காலில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. முன்பெல்லாம் உடம்பை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. அது பாட்டுக்குக் கூடவே வரும். இப்போது மாலைதோறும் சரோஜா விளக்கைப் பிடிக்க, உள்ளங்காலை நலம் விசாரிக்கிறேன். டாக்டருக்கான நாள், எனக்கான நாள் என்ற பிரிவு போய்விட்டது. எல்லாம் ஒரே நாள்தான். பராட்டா மட்டும் பாதி.

பஸ்ஸை விட்டு இறங்குமுன் குனிந்து பார்த்துக்கொள்கிறேன். இரண்டு செருப்பும் இருக்கின்றன. நடக்கிறேன்.