பையன் எழுதாத மெயில்

இரண்டாயிரத்தில், கல்லூரி முடித்த கையோடு, எங்கள் ஊர்ப் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். மாடியில் ஒரே அறை, பிளைவுட் தடுப்புகளுக்குள் நாலு கம்ப்யூட்டர். போன் லைனில் இன்டர்நெட் கனெக்ட் ஆகும்போது வரும் கீச்சுச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் மனசு இளகுகிறது. ஆசிரமங்களில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். உள்ளூர்க்காரர்களில் தவறாமல் வந்தவர், கீழே டெய்லர் கடை வைத்திருந்த பாய்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் படியேறி வருவார். அவர் பையன் துபாயில் ஒரு கம்பெனியில் இருந்தான். ஆங்கில எழுத்தில் தமிழாக அவன் அனுப்பும் மெயிலை நான் வாசித்துக் காட்டுவேன். "அத்தா, நல்லா இருக்கேன். இங்க வெயில் ஜாஸ்தி. அம்மா மாத்திரை போடுறாங்களா?" எப்போதும் அவ்வளவுதான். பிறகு பேத்தியின் போட்டோவைத் திறக்கச் சொல்வார். அவர் இன்னும் நேரில் பார்க்காத கைக்குழந்தை. பையன் அனுப்பிய அந்தப் படத்தை மூலைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தேன். கைக்குட்டையால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பையனிடமிருந்து வந்திருந்த மெயிலைப் பார்த்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது.

"இன்னாம்மா எழுதிக்கிறான்?"

"ஐ லவ் யூன்னு இருக்குது பாய். கூட ஒரு ஃபைலும் வந்துருக்குது."

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கா? நல்லாப் பாரும்மா."

"உங்களுக்குத்தாங்க."

"அப்ப தொற. உள்ள இன்னா வெச்சிக்கிறான்னு பாப்போம்."

மவுஸில் கை வைத்தவள் நிறுத்திவிட்டேன். முந்தின நாள் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாவுக்கு இதே தலைப்பில் ஒரு மெயில் வந்திருந்தது. அவர் ஃபைலைத் திறந்ததும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த படங்களெல்லாம் பாழாகிவிட்டன. அதோடு, இந்தப் பையன் 'அத்தா' என்று ஆரம்பிக்காமல் ஒரு வரிகூட எழுதியதில்லை.

"வேணாம் பாய். இது உங்க பையன் அனுப்பினது இல்ல. வைரஸ்."

"அவன் பேர் போட்டுருக்குதுன்னியே?"

"பேர் அவருதுதான். மெட்ராஸ் ஐ மாதிரி, அவர் கம்ப்யூட்டர்லேர்ந்து நமக்கு ஒட்டப் பாக்குது. தொறந்தா பேத்தி போட்டோ போயிடும்."

அவர் சிரிப்பு அடங்கிப்போனதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. "எதுக்கும் அவரையே கேட்டுடலாம்," என்றேன்.

எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். துபாயில் வெள்ளிக்கிழமை விடுமுறை. பையன் வீட்டில்தான் இருந்தான்.

"டேய், நீ எனக்கு லவ் யூன்னு அனுப்ச்சியா?" என்று பாய் கத்த, பூத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் பையன் பதறியது எனக்கே கேட்டது. திறக்காதீங்க அத்தா, எங்க ஆபீஸே படுத்துடுச்சு என்றான். அவனுக்கு அது மேனேஜரிடமிருந்து வந்ததாம்.

"உன் மேனேஜரு உனக்கு லவ் யூன்னு எழுதுவானா? அத நம்பித் தொறந்தியா?" பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. சட்டென்று அடங்கி, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். பேத்தி போனில் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுகையை நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டே நின்றார்.

மாடிக்குத் திரும்பினோம். "அழிச்சிடட்டுமா பாய்?"

"கொஞ்சம் இரும்மா." திரைக்கு அருகே குனிந்தார். "அதுல லவ்வுன்றது எது?"

விரல் வைத்துக் காட்டினேன். எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

"சரி, அழிச்சிடு," என்றார்.