பேண்டேஜ் துணிக் கொசுவலை

ஊரெல்லாம் காயத்துக்குக் கட்டுகிற துணியில் என் அம்மா கொசுவலை தைத்தாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் அவளுக்கு வேலை. அவள் தம்பி, என் மாமா, மூன்று மாத வயரிங் வேலைக்கு நிக்கோபார் பக்கம் ஒரு தீவுக்குப் புறப்பட்டார். அங்கே மலேரியா அதிகம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், கடையில் விற்கிற வலையை அம்மா நம்பவில்லை. இரட்டை மடிப்பாகத் தானே தைத்தாள். முழுக்கைச் சட்டை போடு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று ஆயிரம் புத்திமதி வேறு. டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தினம் ஒன்று போட வேண்டும். திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் போட வேண்டும்.

மாமா கறுத்துப்போய், ஆனால் கல்லுக்குண்டு மாதிரி வந்து இறங்கினார்.

"எக்கா, உன் வலையப் பாத்து ஆஸ்பத்திரி வார்டானு சிரிச்சானுவ. ஆனா ஒரு கொசு அண்டலயே!"

அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் விடியும்போதே தறிக்குப் போய்விடுவாள். அதனால் மாமா மாத்திரை விழுங்குகிறாரா என்று பார்ப்பது நாலாம் வகுப்புப் படித்த என் பொறுப்பு.

"இந்த மாத்திரை வயித்த எரிக்குது, ஏட்டி. தீவையே தாண்டி வந்தாச்சு, இன்னும் எதுக்கு? அம்மாட்ட சொல்லிராத" என்று மாமா தீவிலிருந்து கொண்டுவந்த சோழி ஒன்றை என் கையில் வைத்தார். எனக்கு அது போதாதா? மாத்திரையை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். பிறகு தினம் ஒரு சோழி. பல்லாங்குழிக்குச் சேருகிறதே என்று எனக்கு ஒரே குஷி.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போய் வடம் பிடித்துவிட்டு வந்த மறுநாள் மாமாவுக்குக் குளிர்க்காய்ச்சல். அம்மா முதலில் கேட்டது என்னைத்தான்.

"ஏட்டி, மாமா மாத்திரை ஒழுங்காப் போட்டானா?"

மாமா போர்வைக்குள்ளிருந்து கண்ணடித்தார்.

"தெனமும் போட்டாரும்மா."

"அப்ப தீவுக் காய்ச்சலா இருக்காது. வெயில்ல தேர் இழுத்த அசதி."

மூன்று நாள் சுக்குக் கஷாயம்தான். நான்காம் நாள் மாமாவுக்கு என் பேர் மறந்துபோயிற்று. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தத்தில் மலேரியா இருந்தது. மாமா வீடு திரும்பவில்லை.

பாவி, நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. புதைத்தது தெரிந்தால் அடி விழும் என்ற பயம் மட்டும்தான் எனக்கு. நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் அம்மா மூன்று நாள் சும்மா இருந்தாள் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா அந்த வலையை முற்றத்து வெயிலில் விரித்தாள். அங்குலம் அங்குலமாக விரலால் தடவினாள்.

"எந்த ஓட்டை வழியா வந்துச்சோ! என் தம்பிய நானே கொன்னுட்டேனே."

அவள் அழுவதை என்னால் தாங்க முடியவில்லை. சோழிகளைப் பாவாடையில் முடிந்துகொண்டு, நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டை தேடினேன்.